கடலூரில் உங்கள் கைக்கு ஏற்ற கத்தி: இரும்பு, பிடி, உறை

கடையில் வாங்கிய கத்தி எதுவும் கைக்கு ஒத்துவரவில்லை. பட்டறையில் சொல்லி ஒன்று அடித்து வாங்கி, பிடியும் உறையும் நானே போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். ஒரு மாத வேலை ஏழு மாதம் இழுத்தது. மூன்று கத்தி வீணாயின. ஒன்று தோய்ச்சலில், அதாவது பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினமாக்கும்போது, வெடித்தது. ஒன்றில் பிடி பொருத்தும் துளை போடவே முடியவில்லை. மூன்றாவது நன்றாக வந்திருந்தது. அதைத் தோல் உறையோடு ஐப்பசியில் அலமாரியில் வைத்தேன், கார்த்திகையில் எடுத்தபோது வாய் முழுக்கத் துருக்குழி.

நம் ஊர் மாதிரி உப்புக்காற்று அடிக்கிற இடத்தில் நல்ல கத்தி கெடுவது பெரும்பாலும் பிடிக்கு அடியிலும் உறைக்குள்ளும் தங்குகிற ஈரத்தால்தான். அதனால் கீழே இரும்பைவிட அந்த இரண்டுக்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். வரிசையை மாற்றாமல் போங்கள். நான் இழந்த மூன்றில் ஒன்று வரிசை மாறியதால் மட்டுமே போனது.

1. என்ன வேலை, எவ்வளவு நீளம்

காய் நறுக்க என்றால் வாய் நீளம் 15 முதல் 18 செ.மீ., முதுகுத் தடிமன் 2 முதல் 2.5 மி.மீ. போதும். வஞ்சிரம், பாறை மாதிரிப் பெரிய மீனைத் துண்டு போட 20 செ.மீ. நீளமும் 3 மி.மீ. தடிமனும் வேண்டும். தேங்காய் உடைக்கவும் எலும்பு வெட்டவும் இதே கத்தி வேண்டும் என்று கேட்காதீர்கள். அது வெட்டுக்கத்தியின் வேலை, அதன் கூர்க் கோணமே வேறு.

நீளத்தை முடிவு செய்யும்போதே சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வாய் கொண்ட கத்திகளை ஆயுத வகையில் வைக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில், அறிவியல் ஆகியவற்றுக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. முதல் கத்தி 9 அங்குலத்துக்குள், அதாவது 22 செ.மீ.க்குள் இருக்கட்டும். இரண்டு பக்கமும் கூர் வைத்த குத்துவாள் வடிவம் வேண்டவே வேண்டாம். பார்த்த உடனே சமையல் கத்தி என்று தெரிய வேண்டும்.

2. கையில் பிடிக்கிற மாதிரி

செல்போனில் படம் காட்டி ஆர்டர் கொடுப்பதுதான் எல்லோரும் செய்கிற முதல் தப்பு. நானும் அப்படித்தான் போய் நின்றேன். "போட்டோவுல தடிமன் தெரியாது தம்பி, மாதிரி வெட்டி எடுத்துட்டு வா" என்று ஆசாரி திருப்பி அனுப்பினார். அவர் சொன்னதுதான் சரி.

கெட்டி அட்டையில் முழு அளவில் வரைந்து வெட்டுங்கள். அதையே பிளைவுட்டில் அறுத்து, சமையல் மேடையில் வைத்து வெங்காயம் நறுக்குவது போல ஆட்டிப் பாருங்கள். விரல் முட்டி மேடையில் இடிக்கிறதா? அப்படியானால் வாயின் அகலம் போதவில்லை. பிடியின் நீளம் உள்ளங்கை அகலத்தைவிட இரண்டு விரல் கூட இருக்கட்டும். பெரும்பாலானவர்களுக்கு 11 முதல் 12 செ.மீ. வரும். முதுகு எத்தனை மி.மீ., துளைகள் எங்கே என்று மாதிரியின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.

3. இரும்பு

முதல் கத்திக்கு லாரி பட்டை, அதாவது லாரியின் அடியில் இருக்கும் ஸ்பிரிங் தகடு. பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும். பெரும்பாலும் ஈ.என். 45 அல்லது அதன் உறவுமுறை ஸ்பிரிங் இரும்பாக இருக்கும். எண்ணெயில் தோய்த்தால் நன்றாகக் கடினமாகும், சின்னத் தப்புகளையும் பொறுத்துக்கொள்ளும். பேரிங் இரும்பான ஈ.என். 31 இன்னும் நாள்பட்ட கூர் தரும். ஆனால் சூட்டை அளந்து வைக்காவிட்டால் வெடித்துவிடும். துருப்பிடிக்காத 440சி மாதிரி வகைகள் உலையில் ஆகிற வேலையில்லை, 1,000 டிகிரிக்கு மேல் கட்டுப்பாடான சூடு வேண்டும். அதற்குச் சென்னை அம்பத்தூர் பக்கம் உள்ள ஹீட் ட்ரீட்மென்ட் கூடங்களுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். ஒற்றைக் கத்திக்கு அது கட்டுபடியாகாது.

கட்டடக் கம்பி, ஆங்கிள், சாதாரணத் தகடு எதுவும் கடினமாகாது. துத்தநாகப் பூச்சு உள்ள இரும்பை உலைக்குள் வைக்கவே கூடாது, அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும்.

பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கோட்டு வெடிப்பு இருக்கலாம். சுத்தமாகத் தேய்த்து, மண்ணெண்ணெயோ டீசலோ தடவி ஒரு மணி நேரம் ஊறவிட்டு, துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடாகத் தெரியும். நான் வெடிக்கவிட்ட கத்தியில் இந்த ஐந்து ரூபாய்ச் சோதனையைச் செய்யவில்லை.

4. பட்டறையில் பேச வேண்டியது

எனக்கு அடித்துக் கொடுத்த பட்டறை நெல்லிக்குப்பம் பக்கம். உங்களுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கும். மண்வெட்டி, அரிவாள் எங்கே அடிக்கிறார்கள் என்று உரக்கடையில் கேட்டால் வழி சொல்வார்கள்.

வேலை தொடங்கும் முன் மூன்று விஷயம் பேசி முடியுங்கள். கூலி தோய்ச்சலையும் சேர்த்தா? வெடித்தால் நஷ்டம் யாருக்கு? துளை போட்ட பிறகுதான் தோய்ச்சல் என்பதை அவர் ஒப்புக்கொள்கிறாரா? மூன்றாவதைப் பேசாமல் விட்டதால்தான் என் இரண்டாவது கத்தி போனது. அழகாகத் தோய்த்துக் கொடுத்துவிட்டார், டிரில் பிட் நான்கு உடைந்தும் ஒரு துளை விழவில்லை. அவர் மேல் குற்றமில்லை. அரிவாளுக்கு வால் பழுக்கக் காய்ச்சி மரத்துக்குள் இறக்குவதுதான் அவர் பழக்கம், துளைக்கு அங்கே வேலையே இல்லை. சொல்ல வேண்டியவன் நான்.

பக்ரீத்துக்கு முந்தைய இரண்டு வாரம் போகாதீர்கள், கறிக்கத்தி வேலை குவிந்திருக்கும். ஆயுத பூஜையை ஒட்டிச் சில நாள் சுத்தியலைத் தொட மாட்டார்கள். மாசி முதல் வைகாசி வரை நல்ல காலம், மரமும் காய்ந்திருக்கும்.

நான் கொடுத்த கணக்கு இது: பட்டை 140 ரூபாய், கூலி 800, தோய்ச்சலுக்குக் கடலை எண்ணெய் 3 லிட்டர் 600, பசை 250, பித்தளைக் கம்பி 120, மரம் அறுத்த கூலி 100, தோல் 400, நூலும் தேன்மெழுகும் 150. மொத்தம் 2,560. எண்ணெயை வடிகட்டி மூடி வைத்தால் அடுத்தடுத்த கத்திக்கும் ஆகும். நாள் கணக்கில், பட்டறையில் பத்து நாள், பிடிக்கு எண்ணெய் காயும் நேரத்தோடு இரண்டு வாரம், உறைக்கு மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

5. தோய்ச்சல்

ஆசாரியே செய்வார் என்றாலும் பக்கத்தில் நில்லுங்கள். அரிவாளுக்குப் போடுகிற தோய்ச்சல் வேறு, சமையல் கத்திக்கு வேண்டியது வேறு.

அடித்து முடித்த கத்தியைப் பழுக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிடுவதை மூன்று தடவை செய்யச் சொல்லுங்கள். சுத்தியல் அடியால் இறுகிப்போன இரும்பு தளரும், தோய்ச்சலில் கோணாது. தோய்க்கும் முன் வாயைக் கூராக்கிவிடக் கூடாது. ஒரு ரூபாய் நாணயத் தடிமன் அளவு விட்டுவைக்க வேண்டும். மெல்லிய வாய் எண்ணெயில் இறங்கியதும் அலை அலையாகச் சுருளும்.

வெயிலில் நிறம் தெரியாது, அந்தி மங்கிய பிறகு செய்யுங்கள். கம்பியில் ஒரு காந்தத்தைக் கட்டி வைத்துக்கொண்டு அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் போகும். அதற்கு மேல் இன்னும் ஒரு நிறம் ஏறியதும் எண்ணெய். எண்ணெயும் 50, 60 டிகிரி சூட்டில் இருக்கட்டும், ஆறிய எண்ணெய் கெட்டியாக இருந்து மெதுவாகத்தான் குளிர்விக்கும். முனை கீழே பார்க்க நேராக இறக்கி, முன்னும் பின்னும் மட்டும் அசையுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் வளையும். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தால் வெடித்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கத்தியை ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள். எண்ணெய்ச் சட்டி இரும்பாக இருக்க வேண்டும், மூடி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தீப்பிடித்தால் மூடுவதுதான் வழி, தண்ணீர் ஊற்றவே கூடாது. பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம், சமையல் கத்திக்கு அந்த நச்சுப்புகையும் அழுக்கும் எதற்கு?

ஆறியதும் அரத்தால் வாயைத் தேய்த்துப் பாருங்கள். கண்ணாடியில் தேய்ப்பது போல வழுக்கினால் கடினமாகியிருக்கிறது, கடித்தால் இல்லை.

இந்த நிலையில் கத்தி கீழே விழுந்தாலே ஒடியும். அன்றைக்கே மிதமான சூட்டில் வைத்து அந்த முறுக்கைக் கொஞ்சம் இளக்க வேண்டும். வீட்டு ஓடிஜி அடுப்பில் 200 டிகிரி, இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். அடுப்பின் திருகில் உள்ள எண்ணை நம்பாதீர்கள், உள்ளே தனியாக ஒரு வெப்பமானி வையுங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் மஞ்சள் நிறம் படர்ந்தால் சமையல் கத்திக்குச் சரியான பதம். ஊதாவும் நீலமும் அரிவாளுக்கும் வெட்டுக்கத்திக்கும் உரியவை. அந்தப் பதத்தில் கத்தி ஒடியாது, ஆனால் கூர் நிற்காது.

6. பிடி

மரத்தில் எனக்கு முதலில் பிடித்தது பலா. பண்ருட்டி பக்கத்திலிருக்க, வேறு மரம் தேடி அலைவானேன்? எனக்குக் கிடைத்த பலகை 2011 டிசம்பரில் தானே புயலில் சாய்ந்த மரத்தில் அறுத்தது, உறவினர் வீட்டுப் பரணில் அத்தனை வருஷம் காய்ந்து கிடந்தது. அறுக்கும்போது மஞ்சளாக இருந்து, புழங்கப் புழங்கச் செம்பழுப்பாகிவிடுகிறது. புளியின் வைரப்பகுதி இன்னும் கெட்டி, அரம் தேய்ந்துபோகும், ஆனால் ஒருமுறை செய்தால் போதும். பூவரசும் நல்லது, தண்ணீரில் கிடந்தாலும் சீக்கிரம் உளுக்காது. பழைய வீடு இடித்த கதவு, உத்தரத் தேக்கு கிடைத்தால் விடாதீர்கள், காய வேண்டிய அளவு ஏற்கெனவே காய்ந்திருக்கும்.

சவுக்கு நம் கடற்கரை முழுக்க இருக்கிறது, கெட்டியும்தான், ஆனால் நீளவாக்கில் வெடிக்கும். பனையின் கறுப்பு வைரம் பார்க்க அழகு. ஈரக்கையில் சிராய் ஏறும். முந்திரி மரம் மென்மை.

செம்மரம், சந்தனம் பக்கமே போகாதீர்கள். ஈட்டி மரத்தைப் பில்லில்லாமல் வாங்காதீர்கள். மான் கொம்பு வேண்டுமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காட்டில் உதிர்ந்து கிடந்தது என்று சொன்னாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வழக்குதான். எருமைக் கொம்புக்குத் தடை இல்லை. ஆனால் நம் ஊர் ஈரத்தில் கொம்பு ஊதிச் சுருங்கும், ஓரத்தில் இரும்பை விட்டுப் பிரியும். தேய்க்கும்போது மயிர் கருகிய நாற்றம் வேறு.

மீன் வெட்டுகிறவர்களுக்கும் படகில் வைக்கிறவர்களுக்கும் மரமே வேண்டாம் என்பேன். மோட்டார் காயில் கட்டும் கடைகளுக்குச் சாமான் விற்கிற இடத்தில் ஹைலம் ஷீட் என்று கேளுங்கள். துணி வைத்து அழுத்தியது வேண்டும், பேப்பர் வைத்தது அல்ல. வெளியூரில் மைக்கார்ட்டா என்று விலை வைத்து விற்பதும் இதே இனம்தான். தண்ணீர் குடிக்காது, ஈரக்கையில் நன்றாகப் பிடிக்கும். தூசு நுரையீரலுக்கு ஆகாது, நல்ல முகமூடி போட்டு, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள்.

மரம் காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டுப் பலகையிலேயே எழுதுங்கள். மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் ஒட்டலாம். மழைக்காலத்தில் ஒட்டாதீர்கள். ஈர மரம் கோடையில் சுருங்கி, இரும்பின் ஓரம் உள்ளங்கையில் அறுக்கும்.

ஒட்டுகிற வேலையில்தான் கத்தியின் ஆயுசு இருக்கிறது. கத்தி வாயை அட்டையால் சுற்றி டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். இரும்பின் பிடிப்பகுதியை 80ஆம் எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள், அசிட்டோனால் துடையுங்கள், அதன்பின் விரல் படக் கூடாது. வியர்வைக் கறை இருந்த இடத்தில் பசை பிடிக்காது, அங்கிருந்துதான் துரு கிளம்பும். இரும்பின் இரு பக்கமும் ஒட்டப்போகிற இரண்டு பலகைகளின் முன்முனையை, அதாவது வாயைப் பார்த்த பக்கத்தை, ஒட்டும் முன்பே தேய்த்து முடித்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு அங்கே அரம் போகாது. ஐந்து நிமிடத்தில் இறுகும் பசை வேண்டாம். ஒரு நாள் எடுக்கும் சாதாரண அரால்டைட் போதும். கிளாம்பை மிதமாக இறுக்குங்கள், பிழிந்துவிட்டால் நடுவில் பசையே இருக்காது. 4 மி.மீ. பித்தளைக் கம்பி இரண்டோ மூன்றோ துளைகள் வழியே குறுக்கே போகட்டும். முன்னால் பிதுங்கிய பசையை இறுகும் முன் அசிட்டோன் துணியால் துடையுங்கள்.

பிடியை உருண்டையாக்காதீர்கள். முட்டை வடிவம்தான் சரி. மீன் வழுவழுப்பில் கண் பார்க்காமலே வாய் எந்தப் பக்கம் என்று கை சொல்ல வேண்டும். 80, 120, 220, 400 என்று தாளை ஏற்றிக்கொண்டே போங்கள். 220க்குப் பிறகு ஈரத்துணியால் துடைத்தால் மரத்தின் மயிர் எழும்பும், காயவிட்டு மறுபடி தேயுங்கள்.

கடைசியில் ஆளிவிதை எண்ணெய், மெல்லிசாக, ஐந்தாறு தடவை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் இடைவெளி. தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெயிலில் விரித்துக் காயவைத்துப் பிறகு போடுங்கள்.

7. உறை

வீட்டுச் சமையல் கத்திக்கு உறையே வேண்டாம். சுவரில் காந்தப் பட்டை போதும், காற்றோட்டத்தில் இருப்பதே அதற்கு நல்லது. வெளியே எடுத்துப் போகிற கத்திக்குத்தான் உறை.

தோல் என்றால் ஆவாரம்பட்டை மாதிரித் தாவரப் பதம் செய்த தோலைக் கேளுங்கள், 3 மி.மீ. தடிமன். புதுச்சேரியில் தோல் பை தைக்கிற பட்டறைகளில் கழிவுத் துண்டு எடைக்குக் கிடைக்கும், ஆனால் அதில் நிறைய குரோம் பதம் செய்தது. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம். அது ஈரத்தில் கத்தியை அரிக்கும், நனைத்து வடிவம் பிடிக்கவும் வராது. தாவரப் பதத் தோல் உள்ளே முழுக்கப் பழுப்பாக இருக்கும்.

தோலை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, கத்தியைச் சமையலறை பிளாஸ்டிக் தாளால் சுற்றி உள்ளே வைத்து, விரலால் அழுத்தி வடிவம் எடுங்கள். சுற்றாமல் வைத்தால் இரும்பும் தோலின் பதமும் சேர்ந்து இரண்டும் கறுத்துவிடும். தையல் போகிற ஓரத்தில் இரண்டு தோலுக்கும் நடுவே ஒரு கீற்றுத் தோல் கட்டாயம் வையுங்கள். அது இல்லையென்றால் நாலு தடவை கத்தியை உருவியதும் வாய் நூலை அறுத்து வெளியே வரும், கையும் அங்கேதான் இருக்கும். மெழுகு ஏற்றிய நூல், இரண்டு ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் ஊசி போகிற தையல். கீழ்முனையில் நீர் வடிய ஒரு துளை. நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, வெளிப்பக்கம் மட்டும் உருக்கிய தேன்மெழுகு.

தோல் உறை தூக்கிப் போகத்தான், வைத்துப் பூட்ட அல்ல. வீடு வந்ததும் கத்தியை உருவி வெளியே வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரம் போதும், உறைக்குள் பூஞ்சை, கத்தியில் துரு.

கடலுக்குப் போகிற கத்திக்குப் பிவிசி குழாய் உறையை விட நல்லது எனக்குத் தெரியவில்லை. ஒரு துண்டுக் குழாயை நீளவாக்கில் கீறி, ஹாட் ஏர் கன்னால் மெதுவாகச் சூடாக்கி விரித்து, மூன்று சுற்று டேப் ஒட்டிய கத்தியை நடுவில் வைத்து மடித்து, இரண்டு பலகைக்கு நடுவே ஆறும்வரை அழுத்துங்கள். ஓரத்தில் ரிவிட், அடியில் வடிகால் துளை. திறந்த வெளியில் செய்யுங்கள். கருகவிட்டால் வரும் புகை நெஞ்சை எரிக்கும். ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

8. சாணையும் முதல் வாரமும்

வாயைத் தெருச் சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். சக்கரத்தின் சூட்டில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது, திரும்ப வராது. தண்ணீர் ஊற்றி, சாணைக்கல்லில் கையால், பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி.

லாரி பட்டை இரும்பு முதல் நாள் வெங்காயத்தைக் கறுக்கவைக்கும், பயப்படாதீர்கள். கெட்டியான புளிக்கரைசலைக் கத்தியில் பூசி இருபது நிமிடம் விட்டுக் கழுவுங்கள், இரண்டு மூன்று தடவை. சாம்பல் நிறம் படரும், அதன் மேல் செந்துரு சுலபத்தில் ஏறாது. ஒவ்வொரு முறையும் கழுவிய கையோடு துடைத்துவிடுங்கள். பாத்திரக் கூடையில் ஈரத்தோடு ஒரு ராத்திரி கிடந்தாலே புள்ளி விழுந்துவிடும்.

9. பில், பயணம், விற்பனை

பட்டறையில் கைச்சீட்டாவது எழுதி வாங்குங்கள்: சமையல் கத்தி, நீளம், கூலி, தேதி. வாங்குகிறவர் பெயர், முகவரி எழுதி வைக்கும்படி பட்டறைகளுக்குக் காவல்துறை 2021இல் அறிவுறுத்தியது. ஆசாரி ஆதார் நகல் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள், அது உங்களுக்கும் பாதுகாப்பு.

விற்க ஆரம்பித்தால் ஒரு வலை இருக்கிறது. பொருள் விற்பனைக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். ஆனால் கடலூரிலிருந்து புதுச்சேரிக்காரருக்கு விற்றால், தூரம் இருபது சொச்சம் கிலோமீட்டர்தான் என்றாலும், கணக்கில் அது மாநிலம் விட்டு மாநிலம். அப்போது வரம்பு பார்க்காமல் பதிவு கட்டாயம். சில கைவினைப் பொருள்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் கத்தி அதில் வருமா என்று முதல் பில் போடும் முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பானும் போதும், பணம் கேட்கிற இணையதளங்களை நம்பாதீர்கள்.

புதுச்சேரியிலிருந்து வரும்போது ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் மதுபாட்டிலுக்காகப் பையைத் திறந்து பார்ப்பார்கள். கத்தியை இடுப்பிலோ வண்டிச் சீட்டுக்கு அடியிலோ வைக்காதீர்கள். உறையில் போட்டு, செய்தித்தாளில் சுற்றி, கயிற்றால் கட்டிப் பையின் அடியில் வையுங்கள். சீட்டு சட்டைப்பையில் இருக்கட்டும். போலீஸ்காரர் பையில் கைவிடும் முன் "சார், உள்ளே சமையல் கத்தி இருக்கு, பட்டறை சீட்டு இது" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.